அரசினர் தோட்டம் என்று பேர், தோட்டம் எங்கே?

04.02.2024, ஞாயிறு

அக்கா மகன் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று மெட்ரோவில் இருந்து இறங்கி போன் செய்தான். "மாமா, அரசினர் தோட்டம்னு ஒரு ஸ்டேஷன், மேல ஏறி வந்து பார்த்தா ரோடும் ஆஸ்பத்திரியும்தான் இருக்கு, தோட்டம் எங்கே?" அது கவர்னர் வீட்டுத் தோட்டம்டா என்றேன். கவர்னர் கிண்டியில்தானே இருக்கார் என்று சிரிக்கிறான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இது தெரியாது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்: கிண்டி ராஜ்பவன் சென்னையின் பழைய கவர்னர் மாளிகை இல்லை. கவர்னர்கள் காற்று வாங்கப் போன இடம் அது. நிஜமான கவர்னர் மாளிகை மவுன்ட் ரோட்டில் (இப்போது அண்ணா சாலை) இருந்தது, 1753-லிருந்து சுதந்திரம் வரை, ஏறக்குறைய இருநூறு வருஷம். அதை 2008-ல் இடித்தாகிவிட்டது. இடித்தபோது நான் தினமும் 27பி-யிலோ ஏதோ ஒரு பஸ்ஸிலோ அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். தகர வேலி அடைத்திருந்தது. என்ன கட்டடம் போகிறது என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை.

04.02.2024, இரவு

பஸ் நம்பர் தப்பாக இருக்கலாம். அதை யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

06.02.2024

கவர்னர்கள் மவுன்ட் ரோட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள், 1749 வரை வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தோட்ட வீடு போய்விட்டது. திரும்பி வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டைக்குள் இடம் இருந்தது, ஆனால் கவர்னர் என்றால் வெளியே தோட்டம் வைத்த வீடு ஒன்று வேண்டும், அது ஒரு அந்தஸ்து. தாமஸ் சாண்டர்ஸ் கவர்னராக இருந்தபோது, 1753-ல், அந்தோனியா தெ மதேரோஸ் என்ற போர்த்துக்கீசிய அம்மாளின் வீட்டை 3,500 வராகனுக்கு வாங்கினார்கள். இங்கிலீஷ் புத்தகங்களில் இந்த வராகனைப் பகோடா என்று போட்டிருக்கும். சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு மூவாயிரத்தைந்நூறு பகோடாவுக்கு ஒரு மாளிகையா, பொட்டலம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்தவன் நான்.

அந்த மதேரோஸ் குடும்பப் பேரிலிருந்துதான் மதராஸ் என்ற பேரே வந்தது என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்தச் சண்டைக்கு இங்கே இடம் வேண்டாம்.

ஆக, சென்னையின் கவர்னர் மாளிகை யாரும் திட்டம் போட்டுக் கட்டியது இல்லை, ஒரு அம்மாளிடம் வாங்கிய பழைய வீடு. பிறகு வந்தவர்கள் தூணும் வராந்தாவும் மாடியுமாகச் சேர்த்துச் சேர்த்துப் பெரிதாக்கியதுதான்.

07.02.2024

கிண்டிக்காரர்கள் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். "கிண்டி வீடு அதைவிடப் பழசு, 1670-களிலேயே இருக்கிறது, நீங்கள் எப்படி அது பழைய மாளிகை இல்லை என்று சொல்லலாம்?"

நியாயம். நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். வயதில் கிண்டிதான் மூத்தது. 1672 முதல் 1678 வரை கவர்னராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் பரங்கிமலைப் பக்கத்தில் தோட்டம் போட்டு ஒரு வீடு கட்டினார். கிண்டி லாட்ஜ் என்று பேர். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது அதைக் கம்பெனியோடு வியாபாரம் செய்த சின்ன வெங்கடாத்ரிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் கைமாறிக் கைமாறி, 1821-ல் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோதுதான் அரசாங்கம் வாங்கியது. நடுவில் கிட்டத்தட்ட 140 வருஷம் அது தனியார் வீடு. அரசாங்கம் வாங்கிய பிறகும் சனி ஞாயிறுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும்தான். கவர்னர்கள் கிண்டிக்கே குடி போனது சுதந்திரத்தை ஒட்டித்தான். ஆகவே வீடு பழசு, கவர்னர் மாளிகை என்ற பட்டம் புதுசு. இதில் சமாதானம் ஆகிவிடலாமா?

லாட்ஜ் என்றதும் எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்தான் நினைவுக்கு வருகின்றன, ஒரு அறையில் நாலு கட்டில், கொடியில் ஈர லுங்கி. மன்றோ அங்கே தங்குவதை நினைத்துப் பார்த்தேன்.

07.02.2024, சற்று நேரம் கழித்து

மன்றோ பேச்சு வந்ததால்: தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். கால் வைக்கும் அங்கவடி இல்லை, சேணமும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானத்தில் செத்துப்போனார் என்று எங்கள் தமிழாசிரியர் சொன்ன கதையை நான் முப்பது வயது வரை நம்பினேன். அந்தக் காலத்தில் குதிரைச் சிலைகளை இப்படிச் செய்வதும் ஒரு பாணிதான்.

11.02.2024, ஞாயிறு

இன்று நேரம் இருக்கிறது, ராஜாஜி ஹால் கதைக்கு வருகிறேன். மவுன்ட் ரோட்டு மாளிகையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

1798-ல் எட்வர்டு கிளைவ் கவர்னராக வருகிறார். பிளாசிப் போரில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன். அப்பாவின் சாமர்த்தியம் மகனுக்கு இல்லை என்று அந்தக் காலத்திலேயே பேச்சு, ஆனால் கட்டடம் கட்டுவதில் ஆசை உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும் அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு விருந்து மண்டபம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். கட்டிக் கொடுத்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் என்ஜினீயர் என்பதைவிட வானியல்காரர், மதராஸ் வானாய்வகத்தின் தலைவர், இந்த ஊரின் தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டவர். வானத்தைப் பார்க்கிறவரிடம் மண்டபம் கட்டச் சொன்னதால்தானோ என்னவோ, மேலே ஏறிப் பார்க்கிற மாதிரி இத்தனை படி வைத்து, கிரேக்கக் கோயில் மாதிரித் தூண் நிறுத்திவிட்டார். ஒரு பக்க முகப்பில் பிளாசிக்கு ஒரு வெற்றிச் சின்னம், எதிர்ப்பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

1802 அக்டோபர் 7 அன்று நடன விருந்தோடு திறந்தார்கள். அவர் மனைவி ஹென்ரியெட்டா அதைப் பார்க்க இல்லை, 1801-லேயே பெண் குழந்தைகளோடு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். அந்த அம்மாளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1800-ல் மகள்களைக் கூட்டிக்கொண்டு வேலூர், பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று மாதக்கணக்கில் சுற்றி வந்தவர். செடியும் கல்லும் சேகரித்தார், நாட்குறிப்பு எழுதினார். கணவர் இங்கே சுண்ணாம்பு அரைக்கிற சத்தத்தில் உட்கார்ந்திருந்தார்.

செலவைப் பார்த்து லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் வயிறு எரிந்தார்கள். அதே வருஷங்களில் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி இதைவிடப் பெரிய மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தார், ஆகவே கிளைவ் மட்டும் ஊதாரி என்று சொல்ல முடியாது.

12.02.2024

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மண்டபம் திப்புவை வென்றதற்காகத்தானே? 1767-ல் ஹைதர் அலியின் குதிரைப்படை மதராஸ் ஓரத்துத் தோட்ட வீடுகள் வரை வந்து கொள்ளையடித்துவிட்டுப் போனது. முன்னால் வந்தது பதினேழு வயதுத் திப்பு. கவர்னரும் ஆலோசனைச் சபைக்காரர்களும் இதே தோட்டத்தில் இருந்தார்கள், தற்செயலாக எதிரே ஒரு சின்னக் கப்பல் நின்றதால் ஏறித் தப்பினார்கள் என்று ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஹைதர் பக்கத்து ஆள், கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருப்பார். ஆனால் பையன் வந்தது உண்மை, இவர்கள் கிலி பிடித்துப்போனதும் உண்மை. முப்பத்தைந்து வருஷம் கழித்து அதே தோட்டத்தில் அவன் இறந்ததற்கு விருந்து. நான் கிளைவாக இருந்தால் வேறு இடத்தில் கட்டியிருப்பேன்.

18.02.2024

"அந்த மாளிகையை நீங்கள் பார்த்ததுண்டா, இல்லை படித்ததை எழுதுகிறீர்களா?" என்று கேட்டவருக்கு.

பார்த்திருக்கிறேன், ஆனால் பார்க்கவில்லை. எட்டாவது படிக்கும்போது ஊரிலிருந்து பெரியப்பா ஒரு வேலை விஷயமாக எம்.எல்.ஏ.வைப் பார்க்க வந்தார். எம்.எல்.ஏ. விடுதி அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். காலை எட்டு மணிக்குப் போனோம். எம்.எல்.ஏ. குளிக்கிறார், டிபன் சாப்பிடுகிறார், போன் பேசுகிறார், வெளியே போய்விட்டார். சாயங்காலம் வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா வேட்டி மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தார். எதிரே மரங்களுக்கு நடுவில் தூண் வைத்த பெரிய பழைய கட்டடம் ஒன்று, காரை பெயர்ந்து, வராந்தாவில் பீரோவும் கட்டுக்கட்டாகக் காகிதமும். அது என்ன பெரியப்பா என்று கேட்டேன். "ஏதோ ஆபீஸ்" என்றார். இருநூறு வருஷக் கவர்னர் மாளிகையை எனக்கு அறிமுகப்படுத்திய வார்த்தை அதுதான்.

மதராஸ் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு காலத்தில் பெரிய பேர். கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குவார்கள். வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இதைப் பற்றி எழுதாமல் விட்டதில்லை. நான் பார்த்த தூண்களில் போஸ்டர் பசைதான் இருந்தது.

19.02.2024

இல்லை, பெரியப்பாவுக்கு வேலை முடியவில்லை. நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

25.02.2024

இப்போது கசப்பான பகுதி. 2008-ல் மாளிகையை இடித்தது புதுச் சட்டசபை, தலைமைச் செயலகம் கட்ட. ஜெர்மன் கட்டடக்கலை நிறுவனம் வரைந்த வட்ட வட்டமான கட்டடம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். திறக்கிற நாளில் கோபுரம் முடியவில்லை, அதனால் சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டு ஒரு தற்காலிகக் கோபுரம் வைத்தார். தமிழ்நாட்டில் மட்டும்தான் இது நடக்கும், இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். 2011-ல் ஆட்சி மாறியது, சட்டசபை கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அந்தக் கட்டடம் ஓமந்தூரார் பல்நோக்கு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது.

255 வருஷ வீட்டை இடித்துக் கட்டிய சபையில் ஒரு வருஷம்கூடச் சபை நடக்கவில்லை. இதுதான் என் ஆத்திரம். கட்சிச் சண்டைக்கு வராதீர்கள், இடித்தவர்கள் ஒரு கட்சி, காலி செய்தவர்கள் ஒரு கட்சி, வேடிக்கை பார்த்தது நான்.

26.02.2024

யோசித்துப் பார்த்தால் சட்டசபை அந்தத் தோட்டத்துக்குள் வந்தது அது முதல் தடவை இல்லை. 1938 ஜனவரி முதல் 1939 அக்டோபர் வரை கிளைவின் விருந்து மண்டபத்தில்தான் கூடியது. பிரதம மந்திரி (அப்போது அப்படித்தான் பேர்) ராஜாஜி. போரை ஒட்டி ராஜினாமா செய்துவிட்டு அங்கிருந்து எழுந்து போனவரின் பேரையே பிற்பாடு மண்டபத்துக்கு வைத்தார்கள். அப்புறம் 2010. அதற்கு நடுவில் 1952 மே முதல் 1956 டிசம்பர் வரை அதே வளாகத்தில் கட்டிய தனிக் கட்டடம், அதுதான் பின்னால் பாலர் அரங்கம், பிறகு கலைவாணர் அரங்கம். ஆக மூன்று தடவை வந்து மூன்று தடவையும் கிளம்பிவிட்டது.

26.02.2024, இரவு

நாலு. கொரோனாவை மறந்துவிட்டேன். 2020 செப்டம்பரில் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும் என்பதால் புதுக் கலைவாணர் அரங்கத்தில் கூடினார்கள். அந்த அரங்கம் பழையதை இடித்துக் கட்டியது. கவர்னர் வீட்டுத் தோட்டத்துக்குச் சட்டசபை நாலு முறை குடி வந்து நாலு முறையும் கோட்டைக்கே போய்விட்டது. வாஸ்து என்று யாரும் எழுதினால் பதில் சொல்ல மாட்டேன்.

03.03.2024

ராஜாஜி ஹாலை ஜனங்கள் விருந்து மண்டபம் என்றோ திப்பு என்றோ நினைப்பதே இல்லை. நமக்கு அது தலைவர்களின் உடலை வைக்கிற இடம். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர். 1987 டிசம்பரில் அந்தப் படிகளுக்குப் போகும் வரிசையில் நான் நின்றேன், என் தோளைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு அம்மா அழுதுகொண்டே இருந்தார். கோல்டிங்ஹாம் வைத்த அத்தனை படியும் எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. உடலை மேலே வைத்தால் ரோட்டிலிருக்கிற கூட்டத்துக்கும் தெரியும். கிளைவ் வெற்றிக்குக் கட்டினார், நாம் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டோம். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

10.03.2024, ஞாயிறு

ஊட்டி ராஜ்பவனைப் பற்றிக் கேட்கிறார்கள். அது மூன்றாவது வீடு, கோடைக்கு. 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் டியூக் காலத்துக் கட்டடம். அந்த வருஷங்களைக் கவனியுங்கள், தாது வருஷப் பஞ்சம். கீழே சமவெளியில் ஜனங்கள் கஞ்சித்தொட்டியில் வரிசை நிற்கிறார்கள், மேலே மலையில் கவர்னருக்குக் கோடை மாளிகை. அதே டியூக் காலத்தில் பஞ்ச நிவாரணக் கூலிக்கு ஒரு பகுதி வெட்டிச் சேர்த்த கால்வாய்க்குத்தான் பக்கிங்ஹாம் என்று பேர். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் ஊட்டி பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, வெளியில் நின்று கேட்டைப் பார்த்ததோடு சரி. குளிர்.

17.03.2024

கிண்டியை ரொம்ப மட்டம் தட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஒரு வருஷம் நவராத்திரிக் கொலு பார்க்கப் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். பேர் கொடுத்து, அட்டை காட்டி, வீட்டுக்காரியும் நானும் போனோம். அவள் கொலுப் படியைப் பார்த்தாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெள்ளைக் கட்டடம், சுத்தமான புல்தரை, அதில் புள்ளிமான்கள். அவற்றுக்குக் கவர்னர், பார்வையாளர் என்ற வித்தியாசம் எல்லாம் இல்லை.

இங்கேதான் என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. மவுன்ட் ரோட்டுத் தோட்டத்தில் மரம் போய்க் கட்டடம் வந்தது. கிண்டியில் கவர்னர்களின் உல்லாசத்துக்கு வைத்திருந்த காடு காடாகவே நின்றது. 505 ஹெக்டேர் இருந்ததாகக் கணக்கு. 1956-ல் காந்தி மண்டபம், 1958-ல் குழந்தைகள் பூங்கா, 1959-ல் ஐ.ஐ.டி., அப்புறம் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடம் என்று பிய்த்துக் கொடுத்துக் கொடுத்து, 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கும்போது பூங்காவுக்கு மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். அவ்வளவாவது மிஞ்சியதே. யாரோ ஒரு துரை மாலையில் குதிரை ஓட்ட வேண்டும் என்று வேலி போட்டதால் இன்றைக்கு நமக்கு நகரத்துக்குள் ஒரு காடு.

18.03.2024

மேலே "புள்ளிமான்" என்று மட்டும் எழுதியதற்கு ஒரு வனத்துறை நண்பர் காதைத் திருகிவிட்டார். அங்கே வெளிமானும் உண்டு, முறுக்குக் கொம்பு, மேலே கருப்பு, வயிறு வெள்ளை. வில்லிங்டன் பிரபு 1924-ல் கொண்டுவந்து விட்டது என்பார்கள். பேரிலேயே இருக்கிறது, அது வெளியில் வாழ்கிற மான், புதருக்குள் அதற்கு ஓட முடியாது. காடு அடர அடர அதற்கு இடம் குறைகிறது. அதற்கு வசதியாக மிஞ்சியிருக்கும் வெட்டவெளிக்குப் பேர் போலோ மைதானம். துரைகள் குதிரையேறிப் பந்தடித்த இடத்தில் வெளிமான் மேய்கிறது. காட்டைக் காப்பாற்ற மரம் நடுவோம் என்று கிளம்பினால் இந்த மானுக்கு ஆகாது என்கிறார் நண்பர். எனக்குத் தலை சுற்றியது.

24.03.2024, ஞாயிறு

அம்மாவுக்கு மூட்டு வலி, ஓமந்தூரார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் மனது கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இது சபை, அதற்கு முன்னால் கவர்னர் தோட்டம், அதற்கு முன்னால் மதேரோஸ் அம்மாள். வளைந்த நடைபாதையில் எங்கே திரும்பினாலும் அதே இடத்துக்கு வருகிற மாதிரி இருந்தது, வட்டக் கட்டடம் அல்லவா, இரண்டு தடவை எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போய்விட்டேன். செங்கல்பட்டு, திருவள்ளூர், திண்டிவனத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இங்கே முன்னால் என்ன இருந்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். "தெரியுமே, கலைஞர் கட்டினது" என்றார். அதற்கும் முன்னால் என்று இழுத்தேன். "அதெல்லாம் எதுக்கு தம்பி, இப்ப டாக்டர் வந்தாரா பாருங்க."

அம்மாவுக்கு மருந்து கொடுத்தார்கள், வலி பரவாயில்லை. பிப்ரவரி 25 அன்று எழுதிய ஆத்திரத்தை முழுக்கத் திரும்ப வாங்கவில்லை, இடித்தது இடித்ததுதான். ஆனால் அந்தக் கட்டடம் வீண் என்று எழுதினால் இனி அம்மா சும்மா விடமாட்டாள்.

31.03.2024

அக்கா மகன் இரண்டு மாதமாக என் வீட்டு ஹாலில் படுத்திருந்தான். நேற்று அறை பார்த்துவிட்டான். திருவல்லிக்கேணியில், வாலாஜா ரோட்டுக்கு இந்தப் பக்கம், மூன்று பேர் ஒரு அறை. "மாமா, அரசினர் தோட்டம் ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடை, மொட்டை மாடில காத்து பிச்சிக்குது" என்றான். லாட்ஜுக்கு என்னடா பேர் என்று கேட்டேன். பேர்ப் பலகை விழுந்துவிட்டதாம்.